காலி நாற்காலிகளும் கும்மிடிப்பூண்டி ரயிலும்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து துணைவேந்தர் இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்து இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டிலிருந்து இல்லை. மதுரை காமராசர், அண்ணாமலை, பாரதிதாசன், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீள்கிறது. தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பத்துக்கும் மேற்பட்டவை தலைமை இல்லாமல் நடக்கின்றன. 2025 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதிலுக்குப் பிறகு இந்தப் பட்டியல் சீக்கிரம் குறையும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

இந்தச் சண்டையில் நாம் எந்தப் பக்கம் என்பதில் குழப்பமில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசா, தில்லி அனுப்பிவைத்த ஆளுநரா என்றால் அரசுதான். ஆனால் மூன்று வருடமாக இந்தப் பிரச்சினை ஒரே கேள்வியாகச் சுருங்கிக் கிடக்கிறது: நியமன உத்தரவில் கையெழுத்துப் போடுவது யார்? அந்தக் கையெழுத்தால் நாற்காலியில் உட்காரப்போகிறவர் யார், அவர் எப்படித் தேடப்பட்டார், அவர் வந்தால் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதை இரு தரப்புமே பேசவில்லை. சமூக நீதியின் பெயரால் நடக்கும் சண்டை இது. அந்தப் பெயரில் நடப்பதால் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விட முடியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துணைவேந்தர்களை மாநில அரசே நியமிப்பதற்கான திருத்த மசோதாக்களைச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் நிறைவேற்றத் தொடங்கியது. ஆளுநர் ஆர்.என்.ரவி கிடப்பில் போட்டார். 2023 நவம்பர் 13 அன்று, சேர்ந்துகிடந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் இல்லை என்று திருப்பினார். இதில் ஒரு வேடிக்கை: அந்தப் பத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம், மீன்வளப் பல்கலைக்கழகம் பற்றிய இரண்டு மசோதாக்கள் 2020 ஜனவரியில், அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை. ஐந்தே நாளில் சட்டமன்றம் கூடிப் பத்தையும் மறுபடி நிறைவேற்றியது. அப்போதும் ஒப்புதல் தராமல் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு பத்தும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. நாம் கொண்டாடினோம். ஆறு வாரம்தான். மே 21 அன்று, பா.ஜ.க.வைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு நியமன அதிகாரம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. நவம்பரில் வந்த ஐவர் அமர்வின் கருத்து, 'ஒப்புதல் பெற்றதாகக் கருதுதல்' என்பதற்கே அரசியல் சாசனத்தில் இடமில்லை என்றும் ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது.

மாநில அரசு துணைவேந்தரை நியமிப்பது ஏதோ தமிழ்நாட்டின் பிரிவினைவாதம் என்பதுபோல் பேசுகிறவர்கள் குஜராத்தைப் பார்க்கலாம். மோடி முதலமைச்சராக இருந்த காலத்திலும் குஜராத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரை, தேடல் குழு தரும் பெயர்களிலிருந்து மாநில அரசுதான் நியமித்தது. ஆளுநருக்கு வேந்தர் வேலை வேண்டாம் என்று ஒன்றிய அரசே அமைத்த பூஞ்சி ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. ஆளுநர் வேந்தராக இருப்பதே வெள்ளைக்காரன் விட்டுப்போன வழக்கம். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு வேந்தர், தலைமை நீதிபதி ராலின்சன் துணைவேந்தர். 'காலனிய மனநிலையிலிருந்து விடுதலை' என்று மேடைதோறும் முழங்கும் ஆளுநருக்கு இந்த ஒரு காலனியப் பதவி மட்டும் எப்படியோ கசக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்த வாதம். இதற்கு மேலே போவோம்.

துணைவேந்தர் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும், வகுப்பு நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பட்டச் சான்றிதழ், பட்டமளிப்பு விழா, கையெழுத்து என்று செய்திகளில் வருவதெல்லாம் மேலோட்டமான பாதிப்பு. உள்ளே நடப்பது வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவுக்குத் தலைவர் துணைவேந்தர். அவர் இல்லை என்றால் தேர்வுக் குழு கூடாது. தேர்வுக் குழு கூடாவிட்டால் நிரந்தர நியமனம் கிடையாது. நிரந்தர நியமனம் இல்லை என்றால் இனச்சுழற்சியும் இல்லை, 69 சதவீதமும் இல்லை, பின்னடைவுக் காலியிடமும் இல்லை. காகிதத்தில் இடஒதுக்கீடு பத்திரமாக இருக்கும். அதைப் பயன்படுத்த ஒரு பணியிடம்கூடத் திறக்காது. இடஒதுக்கீட்டை ஒழிக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு சட்டத் திருத்தம் எதற்கு? நாற்காலியைக் காலியாக வைத்திருந்தால் போதும்.

2018இல் துறை வாரியாக ரோஸ்டர் போடச் சொல்லி மானியக் குழு சுற்றறிக்கை அனுப்பியபோது நாடு முழுக்கத் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2019இல் ஒன்றிய அரசு சட்டம் இயற்றி 200 புள்ளி ரோஸ்டரை மீட்டுத் தர வேண்டியதாயிற்று. அந்தத் தாக்குதலுக்கு ஒரு சுற்றறிக்கை இருந்தது, அதை எரிக்க முடிந்தது. இப்போது நடப்பதற்குச் சுற்றறிக்கைகூடக் கிடையாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்த வெற்றிடத்தை நிரப்பியிருப்பது உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையிலான கன்வீனர் குழு. ஒரு துறையையே நடத்தும் அதிகாரிக்கு இது கூடுதல் வேலை. அன்றாடக் கோப்பு நகரும். ஐந்து வருடம் கழித்து இந்த வளாகம் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு நகராது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியர்கள் போராட வேண்டியிருந்தது. அன்று தில்லியிலும் கோட்டையிலும் போய் உட்கார்ந்து பேச முழுநேரத் துணைவேந்தர் ஒருவர் இல்லை.

இந்தப் பல்கலைக்கழகம் யாருடையது? அதன் எல்லை இன்று சென்னையும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டும். பொன்னேரியிலுள்ள உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி அதன் இணைவுக் கல்லூரி. கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், பழவேற்காடு, மீஞ்சூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வருவது அங்கே. வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி அல்லது ஏரியில் மீன்பிடி, அம்மா நூறு நாள் வேலை. இவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களில் கணிசமானோர் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்கு. மானியக் குழு 2019இலேயே மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று சொல்லியிருக்கிறது. முனைவர் பட்டம் முடித்துப் பதினைந்து வருடம் பாடம் நடத்தியும் அதே கூலியில் நிற்பவர்கள் இவர்கள். பெயரில்தான் கௌரவம். இவர்களில் ஒருவர் பேராசிரியராவதற்கான கதவும் அந்த நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி லைன், திருத்தணி லைன் என்றால் சென்னை ஊடகங்களுக்கு நினைவு வருவது 'ரூட்டு தல'. கத்தி, பட்டாக்கத்தி, ரயில்வே போலீஸ், தலைமுடியை வெட்டச் சொல்லும் அறிவுரை. 2024 அக்டோபரில் திருத்தணிப் பக்கத்து மாணவர் ஒருவர் சென்ட்ரலில் தாக்கப்பட்டுச் செத்தார். மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி மோதல் என்று இரண்டு நாள் செய்தி ஓடியது. அந்த வன்முறைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு வந்து, ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் பையனைப் பற்றிக் காவல்துறைக்குக் கருத்து இருக்கிறது, யூடியூப் சேனலுக்குக் கருத்து இருக்கிறது, அவன் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. இருக்கவும் முடியாது, கருத்துச் சொல்ல ஆள் வேண்டுமே.

சரி, நாளையே தடை நீங்கி நியமன அதிகாரம் மாநில அரசின் கைக்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் 'ஆளுநருக்கு உதவுகிறீர்கள்' என்பார்கள். ஆளுநருக்கு உதவுவது நாமல்ல, கடந்த காலம். 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். அதே வருடம் அக்டோபரில், துணைவேந்தர் பதவிக்குக் கோடிகள் கைமாறின என்று ஆளுநர் பன்வாரிலால் புரோகித்தே பொதுமேடையில் பேசினார். அதற்கு முன்பே அவர் செய்திருந்தது, வெளி மாநிலத்தவரைக் கொண்டுவந்து நியமித்தது. ஊழலை ஒழிக்க வந்தவர்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, பணத்துக்கு விற்ற பழைய முறையும் வேண்டாம், ராஜ்பவன் வழியாக நாக்பூரும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்றைக் கட்ட அரசு தயாரா என்பதுதான் பேச்சு. இன்றுவரை வந்த திருத்தங்கள் 'வேந்தர்' இருந்த இடத்தில் 'அரசு' என்று மாற்றும் திருத்தங்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இந்த முறை 'யார்' என்று வளாகங்களில் பேசிக்கொள்வது எப்படி என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். துறைப் பெயரைச் சொல்லிப் பேசமாட்டார்கள், சாதிப் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். அந்த வட்டாரத்தில் எண்ணிக்கையும் நிலமும் உள்ள சாதி எது, அமைச்சர் யார், ஏற்கெனவே இரண்டு முறை அவர்களுக்குக் கொடுத்தாயிற்றா என்ற கணக்கு. அந்தக் கணக்கில் பட்டியல் சாதியினருக்கு எப்போதாவது ஒரு முறை. பழங்குடிக்கு அதுவும் இல்லை. பார்ப்பனரல்லாதார் இயக்கம் பல்கலைக்கழகத்தின் செனட்டுக்குள் நுழையப் போராடியதும், நீதிக்கட்சி ஆட்சியில் 1923இல் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்ததும் நமக்குப் பெருமைதான். ஆனால் நுழைந்தவர்கள் கதவை எவ்வளவு திறந்து வைத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். சர். ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 வருடம் அங்கே துணைவேந்தர். அவருடைய மருத்துவப் புலமையையோ நிர்வாகத் திறமையையோ யாரும் மறுக்கவில்லை. ஒரே நாற்காலியில் ஒருவரே 27 வருடம் என்பது, அந்தக் காலத்தில் வேறு யாரும் தகுதியானவராகத் தென்படவில்லை என்றும் பொருள்படும்.

பெரியார் பெயரைத் தாங்கிய சேலம் பல்கலைக்கழகத்தில் 2022 ஜூலையில் முதுகலை வரலாறு வினாத்தாளில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 'தாழ்ந்த சாதி' எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களை விடையாகக் கொடுத்திருந்தார்கள். சத்தம் வந்ததும் விசாரணை, விளக்கம். வினாத்தாள் வேறு கல்லூரியில் தயாரானது என்றது நிர்வாகம். பெரியார் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தாயிற்று. அதற்குள் யார் கேள்வித்தாள் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார் என்பதில் ஒன்றும் மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

துணைவேந்தர் பதவியில் இடஒதுக்கீடு கேட்டால் சட்டம் தடுக்கிறது என்பார்கள். பாதி உண்மை. 1998இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஒற்றைப் பதவிக்கு இடஒதுக்கீடு கூடாது, சுழற்சி முறையிலும் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் தேடல் குழு ஒற்றைப் பதவி அல்ல. அதில் தலித் பேராசிரியரும் பெண் பேராசிரியரும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத எந்தத் தீர்ப்பும் குறுக்கே நிற்கவில்லை. மானியக் குழுவின் 2018 விதிகளைப் பாருங்கள்: உதவிப் பேராசிரியர் தேர்வில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை, பெண் விண்ணப்பதாரர் இருந்தால் அந்தப் பிரிவைச் சேர்ந்த கல்வியாளர் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். துணைவேந்தரைத் தேடும் குழுவுக்கு அந்த விதி கிடையாது. அங்கே உறுப்பினர்கள் 'சிறந்து விளங்குபவர்களாக' இருந்தால் போதும். கீழே கண்காணிப்பு, மேலே நம்பிக்கை. இந்த நாட்டில் சிறந்து விளங்குபவர் யார் என்று தீர்மானிப்பது எது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தேடல் குழு தரும் மூன்று பெயர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் அரசு கேட்கிறது. அந்த மூன்றில் ஒரு தலித் பெண் இருந்தால் அவரைத் தேர்ந்தெடுக்க எந்த நீதிமன்றமும் தடையில்லை. அதற்கு முதலில் அவர் பத்து வருடம் பேராசிரியராக இருந்திருக்க வேண்டும். பேராசிரியர் பணியிடமோ நிரப்பப்படுவதில்லை. இப்படித்தான் வட்டம் மூடுகிறது.

ஒன்றிய அரசு இந்த வட்டத்தை உடைக்கிறேன் என்று இன்னொரு வழி காட்டுகிறது. 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள், தொழில்துறையில் மூத்த பொறுப்பில் இருந்தவர்களும் துணைவேந்தராகலாம் என்றன. தேடல் குழுவை அமைக்கும் அதிகாரத்தை முழுக்க வேந்தரிடம் கொடுத்தன. சட்டமன்றம் ஜனவரி 9 அன்று அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது சரி. 'தொழில்துறைத் தலைமை' என்றால் என்ன என்பதைத் தில்லியில் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கு அது கவர்ச்சியாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு அதன் விலை தெரியும்.

தேர்வாய்க் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். ஆடுமாடு மேய்த்து, விறகும் மூலிகையும் எடுத்துப் பிழைத்த ஆயிரம் ஏக்கருக்கும் அதிகமான மேய்க்கால் நிலத்தைச் சிப்காட்டுக்கு எடுத்தார்கள். பட்டா இல்லாத நிலம் என்பதால் அது யாருடையதும் அல்ல என்பது அரசின் கணக்கு. நிலமற்றவனுக்கு மேய்க்கால்தான் நிலம் என்பது ஊரின் கணக்கு. 2009இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலினோடு ஒப்பந்தம் போட்டார்கள். மக்கள் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள், சிறை போனார்கள். 2012இல் அந்த ஊர்ச் சங்கமும் தமிழ்நாட்டு நில உரிமைக் கூட்டமைப்பும், பிரான்சின் சி.ஜி.டி. தொழிற்சங்கம், ஷெர்பா முதலிய அமைப்புகளோடு சேர்ந்து பாரிசில் புகார் கொடுத்தன. பிரான்சிலிருந்து தொழிற்சங்கம் வந்தது. சேப்பாக்கத்திலிருந்து எந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் புகாரில் கையெழுத்திடவில்லை.

இங்கேதான் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒத்துழைப்பு என்ற விஷயம் வருகிறது. இந்தச் சொல் நம் ஊரில் கெட்டுப்போயிருக்கிறது. ஒத்துழைப்பு என்றால் மாநில உயர்கல்வி மன்றம் மேலிருந்து அனுப்பும் பொதுப் பாடத்திட்டம். இல்லையென்றால் மாநாடு. 2025 ஏப்ரல் 16 அன்று முதலமைச்சர் சென்னையில் துணைவேந்தர்களையும் பதிவாளர்களையும் கூட்டினார். ஏப்ரல் 25 அன்று ஆளுநர் ஊட்டியில் குடியரசுத் துணைத் தலைவரை அழைத்துவந்து இன்னொரு மாநாடு கூட்டினார். ஊட்டிக்கு யார் போனார், யார் போகவில்லை என்பதுதான் ஒரு வாரச் செய்தி. பாதிப் பேருக்குப் போகக் கூடாது என்று சொல்லத் தேவையே இல்லை. அந்த நாற்காலிகள் காலி.

திருவள்ளூர் மாவட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி: சென்னைப் பல்கலைக்கழகம். அதே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி: மீன்வளப் பல்கலைக்கழகம். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம்: வேளாண் பல்கலைக்கழகம். அலமாதிக்கு அருகே உணவு, பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி: கால்நடைப் பல்கலைக்கழகம். திருவள்ளூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி: எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பட்டரைப்பெரும்புதூரில் அரசு சட்டக் கல்லூரி: அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் பி.எட். கல்லூரிகள் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடும். ஒரே மாவட்டத்தில் எட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் கை நீள்கிறது. இதை வேறு எந்தப் பின்தங்கிய தொழிற்பேட்டை மாவட்டத்திலும் சுலபமாகக் காண முடியாது.

இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு சேரியில் போர்வெல் தண்ணீர் நிறம் மாறி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சோதிக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இருக்கிறது. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழவேற்காட்டில் பாடு குறைந்ததா என்று கணக்கெடுக்க மீன்வளக் கல்லூரி. பயிரைப் பார்க்கத் திரூர், மாட்டைப் பார்க்க மாதவரம், பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போடச் சட்டக் கல்லூரி. எல்லாம் நம் வரிப்பணம். ஆனால் இந்த ஆறு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அறிக்கை எழுத வழியில்லை. ஏனென்றால் ஒன்று உயர்கல்வித் துறைக்குக் கீழ், ஒன்று சட்டத் துறை, ஒன்று மக்கள் நல்வாழ்வு, ஒன்று வேளாண்மை, இரண்டு கால்நடை, மீன்வளம். ஆறு பேர் பேச வேண்டுமானால் ஐந்து செயலாளர்களின் கோப்பு நகர வேண்டும். துறைகளைத் தாண்டி இன்னொரு பல்கலைக்கழகத்தோடு கைகோக்கும் துணிச்சலும் தகுதியும் உள்ள ஒரே பதவி துணைவேந்தர் பதவி. அதுதான் காலி.

எதிர்த்தரப்புக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு திட்டம் என்ன கேடு செய்யும் என்ற அறிக்கையைத் தயாரிப்பவர் அந்தத் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். கடற்கரை ஒழுங்குமுறை வரைபடம் தயாரிக்க ஒன்றிய அரசு அங்கீகரித்த நிறுவனங்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் ஒன்று. அதற்கும் கட்டணம் கட்டுவது திட்டக்காரர். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கமானாலும் சிப்காட் விரிவாக்கமானாலும், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மேடையில் பல நூறு பக்க ஆங்கில அறிக்கை; கீழே மீனவரும் இருளரும் வாய்ச்சொல்லோடு. அவர்கள் பக்கம் உட்கார ஒரு பொதுப் பல்கலைக்கழகம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் கையால் எண்ணெய் அள்ளிக் காட்டித்தான் உலகை நம்பவைத்தார்கள்.

பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்து பெயர்த்தெடுத்து நட்டது. 2008 நவம்பர் 12 அன்று அந்த வளாகத்தில் நடந்த மோதலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முன்னால் நடந்தது, தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து 'டாக்டர் அம்பேத்கர்' என்பதை நீக்கியது. விசாரணை ஆணையம் கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. 2018இல் மாணவர்களின் எதிர்ப்பை மீறி இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் புதுப்பாக்கத்துக்கும் இன்னொன்றைத் திருத்தணிச் சாலைக்கும் அனுப்பினார்கள். சாதியை வெளியேற்ற முடியாதவர்கள் கல்லூரியை வெளியேற்றினார்கள். நீதிமன்றம் தள்ளிப் போனது. ஆனால் செங்கல் சூளைகளும் கொத்தடிமை மீட்பு வழக்குகளும் கும்மிடிப்பூண்டியின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பக்கத்தில் வந்தார்கள். ஒரு சட்டப் பல்கலைக்கழகம் விரும்பினால் இதை நாட்டிலேயே சிறந்த சட்ட உதவி மையமாக்கியிருக்கலாம்.

அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார். 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகச் சட்டத் திருத்த மசோதா வந்தபோது அவர் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டார். பின்தங்கிய சமூகங்களுக்கு செனட்டில் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது ஒன்று. பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் அலுவலகமாக இருக்கக் கூடாது, கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் சமமான கூட்டாளிகளாகச் சேர்ந்து பாடம் நடத்த வேண்டும், இருக்கும் ஆசிரியர் வளத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. யார் ஆள்வது, எப்படிச் சேர்ந்து உழைப்பது என்ற இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ஏழை மாணவனுக்கு ஒரு கல்லூரியில் ஒரு நல்ல ஆசிரியர் கிடைப்பதே அரிது. அந்த ஆசிரியரைப் பத்துக் கல்லூரிக்கும் பொதுவாக்கினால்தான் அவனுக்கு வழி. இன்று பொன்னேரி மாணவிக்கு மீன்வளக் கல்லூரியின் ஆய்வகத்தில் ஒரு பருவம் படிக்கவும், அதற்கு மதிப்பெண் பெறவும் உரிமை கொடுத்தால் அரசுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். இரண்டு கையெழுத்துப் போதும்.

அடுத்து ஒரு சட்டமன்றத் தேர்தல் வரும். ஆளுநரை எதிர்த்து எல்லோரும் பேசுவார்கள். நாம் கேட்க வேண்டியவை கொஞ்சம் சங்கடமானவை. தேடல் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி, பெண் உறுப்பினர் கட்டாயம் என்று சட்டத்தில் எழுதுவீர்களா? மூன்று பெயர்களையும், அவர்களைத் தேர்ந்த காரணத்தையும் இணையத்தில் வெளியிடுவீர்களா? துணைவேந்தர் இல்லாத காலத்திலும் இடஒதுக்கீட்டுப் பணியிடங்களை நிரப்பும் தேர்வுக் குழு கூட வழி செய்வீர்களா? எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் மாவட்ட அளவில் ஒரு பொது மேசை போடுவீர்களா, அதில் ஊர்ச் சங்கங்களுக்கு இடம் உண்டா? கௌரவ விரிவுரையாளருக்கு 50,000 எப்போது?

தேர்தல் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பட்டரைப்பெரும்புதூரிலும் பொன்னேரியிலும் படிக்கும் தோழர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இன்றே தொடங்கலாம். கடந்த பத்து வருடங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பித்தவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர். இறுதி மூன்றில் எத்தனை பேர். தேடல் குழுக்களில் எத்தனை பேர். இன்று எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, அதில் இடஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை. பதில் வந்தால் அனுப்புங்கள், பல்கலைக்கழக வாரியாக இங்கே வெளியிடுவோம். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.